இரண்டாம் முறை பார்க்காத மண்

ரோஸியிடம் போய் "மண்ணுதானே" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர்கள் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். அசோக் நகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற மண் பரிசோதனை லேபில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. சாத்தூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் துணிப்பையில் கட்டி வருகிற மண்ணையெல்லாம் இடித்து, சலித்து, எடை போட்டு, அதில் சுண்ணாம்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற மேஜை அவளுடையது. கடலோரத்தில் பிறந்து கடலோரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊர்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பைக்குள் கையை விட்டுப் பிசைந்தால் போதும், எந்தச் சீமை மண் என்று சொல்லிவிடுவாள்.

"சுண்ணாம்பு மண்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாலும் அவளுக்கு ஆகாது. அதில்தான் எத்தனை தினுசு! மழை கொட்டுகிற ஊரில் மண்ணிலுள்ள சுண்ணாம்பு கரைந்து தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும். வறண்ட ஊரில் அது நடக்காது. பெய்கிற கொஞ்சநஞ்சத் தண்ணீர் இரண்டடி, மூன்றடி இறங்குவதற்குள் வெயில் உறிஞ்சிவிடும். கரைத்துக்கொண்டு வந்த சுண்ணாம்பை அது அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடும். வருஷா வருஷம் இதே கதை. முதலில் மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கும். அப்புறம் சுண்டைக்காய் அளவில் முடிச்சுகள். கடைசியில் அடியில் தட்டாகவே இறுகிப்போகும். சுக்கான் பாறை என்பார்கள், கடப்பாரையே எகிறித் திரும்பும், வேர் எங்கே இறங்குவது? நூலா, முடிச்சா, தட்டா, எத்தனை அடியில் என்று பார்த்துத்தான் ரோஸி மண்ணுக்கு வகை எழுதுவாள்.

அளப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. ஒரு சிட்டிகை மண்ணைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து இரண்டு சொட்டு ஆசிட் விடுவாள். ஒன்றும் ஆகாவிட்டால் சுண்ணாம்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் 'ஸ்ஸ்' என்று கேட்டால் நூற்றுக்கு இரண்டுக்குள். குமிழ் தெரிந்தால் பத்து வரை. நுரை கட்டினால் அதற்கும் மேலே. பொங்கிக்கொண்டு வந்தால் இருபத்தைந்தைத் தாண்டியாயிற்று, அந்த நிலத்துக்காரரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். அந்த 'ஸ்ஸ்'ஸைக் கேட்க ரோஸி குனிந்திருக்கும் நேரத்தில் லேபில் யாரும் செருப்பைத் தேய்த்து நடக்கக் கூடாது. நடந்தால் அவள் நிமிர்ந்து பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது, அடேயப்பா!

இப்படிப்பட்ட கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு குறை. புருஷன் பக்கத்தில் இல்லை.

பாரத் நொச்சிக்குப்பத்துப் பையன். சாந்தோம் பெண்ணான ரோஸி மீன் வாங்க வந்த இடத்தில் பேச்சு ஆரம்பித்து, வஞ்சிரத்தில் தொடங்கி வாழ்க்கையில் முடிந்தது. கோயிலா மாதா கோயிலா என்று இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் அடிதடி. அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ். கல்யாணமான ஐந்தாவது மாதம் மீன்பிடிப் படகு வேலைக்கென்று ஓமனுக்குப் போனான். போன இடத்தில் படகுக்காரர் தொழிலையே விட்டுவிட்டார். அவருடைய அண்ணனுக்கு அங்கே பாத்தினா என்கிற கடலோரப் பகுதியில் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. கடலில் வலை வீசப் போனவன் மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நின்றான். நின்றவனுக்கு அது பிடித்தும் போய்விட்டது.

ஒன்பது வருஷக் கல்யாணத்தில் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது எல்லாம் சேர்த்துப் பதினோரு மாதம். ரோஸிக்கு முப்பத்தாறு வயது முடிந்துவிட்டது. குழந்தை இல்லை. "இன்னாடி, விசேஷம் ஒண்ணும் கெடயாதா?" என்று லூப் ரோட்டில் மீன் கூடைக்குப் பின்னாலிருந்து கேட்டவர்களிடம், "ஃபோன்லயா வரும்?" என்று ஒரு நாள் அவள் திருப்பிக் கேட்டாள். அதோடு அந்தக் கேள்வி நின்றது. ஆனால் லைட் ஹவுஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஸ்கூட்டரில் புருஷன் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டே போகிற பெண்களைப் பார்த்தால் அவர்கள் திருப்பம் தாண்டி மறைகிற வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். வேறு எதற்கும் அவள் பொறாமைப்பட்டதில்லை. அந்தத் தூக்கத்துக்குப் பொறாமைப்பட்டாள்.

பாரத் வேலை செய்கிற தோட்டத்து மண்ணிலும் சுண்ணாம்புதான். எலுமிச்சை இலை மஞ்சளாக வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அவன் அதைப் படம் பிடித்து அனுப்புவான்.

"நோவாளி மாரி கீது ரோஸி. எவ்ளோ உரம் போட்டாலும் தேற மாட்டேங்குது."

"இரும்புச் சத்து மண்ணுல கீதுய்யா. சுண்ணாம்பு அத்த இறுக்கிப் புடிச்சிக்கினு மரத்துக்கு உட மாட்டேங்குது. மரம் இன்னா பண்ணும்? எதுர்லயே சோறு கீது, துன்ன முடியல."

"நம்ம கத மாரி," என்பான் பாரத். சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள்.

அவனுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. ஊருக்கு வந்தால் சொந்தப் பொறுப்பில் ஒரு எலுமிச்சைத் தோட்டம் போட வேண்டும். வெறும் கையோடு வந்து மறுபடி படகில் ஏறி, நாலு மாதத்தில் இன்னொரு நாட்டுக்கு ஓடுவதற்கு அவன் தயாராக இல்லை. "சுக்கான் இல்லாத மண்ணா ஒண்ணு கண்டுபுடி. அன்னிக்கே பொட்டியக் கட்டிர்றேன். சுண்ணாம்போட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அலுத்துப்போச்சி" என்று சொல்லிவைத்திருந்தான்.

போன ஐப்பசியில் அந்த மண் வந்தது. ரோஸியின் தம்பி ஆரோக்கியராஜுக்குப் பெண் கொடுத்த வீடு விளாத்திகுளத்துக்குப் பக்கம். அங்கே நாலு ஏக்கர் செவல் நிலம், சுண்ணாம்பு அவ்வளவாகச் சேராத செம்மண், கிணற்றோடு, இருபது வருஷக் குத்தகைக்கு இருக்கிறது என்று அவன்தான் சேதி கொண்டுவந்தான். பாரத்துக்கு நவம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. மேற்கொண்டு இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்தா, இல்லை ஊருக்கு டிக்கெட்டா என்று அக்டோபர் மாதக் கடைசிக்குள் முதலாளிக்குச் சொல்லியாக வேண்டும். அதற்குள் ரோஸி மண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல மண் என்றால் டிசம்பர் முதல் வாரத்தில் புருஷன் வீட்டில் இருப்பான்.

ஆரோக்கியராஜ் போன அன்றைக்கு அங்கே நல்ல மழை. சொதசொதவென்று இருந்த மண்ணை ஒரு பையில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினான். காலையில் நொச்சிக்குப்பத்துக்கு வந்தபோது ரோஸி வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். மாமியார் கெங்கம்மாவிடம், "காஞ்ச மண்ணாத்தான் லேபுல வாங்குவாங்களாம், அக்கா சொல்லும்" என்று கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலம் ரோஸி வந்தபோது மண் காய்ந்து, பை கட்டி, சாமி படத்துக்குக் கீழே இருந்தது.

"எல்லாம் ரெடியா கீது, எட்த்துக்கினு போ," என்றாள் கெங்கம்மா. ரோஸி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் வீட்டு மண்ணை அவரவர் அளக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்குக் கொடுத்துவிட வேண்டும். ரோஸி கொடுக்கவில்லை. ஆரோக்கியராஜ் பேரில் நம்பர் போட்டு, தானே வைத்துக்கொண்டாள். தன் புருஷனை வரவழைக்கப் போகிற மண்ணை இன்னொருத்தர் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதே நேரத்தில் ஒரு பயமும் இருந்தது. ஆசைப்பட்ட கை பொய் அளக்கும். அதனால் முந்தைய நாளே சபதம் போட்டுக்கொண்டாள்: என்ன வருகிறதோ அதைத்தான் எழுதுவேன், ஒரு சொட்டுகூட எனக்குச் சாதகமாக விட மாட்டேன்.

கிண்ணத்தில் ஆசிட் விழுந்தது. காதை வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெள்ளையாக நுரை கட்டியது.

முறைப்படி அளந்தாள். எடை போட்ட மண்ணில் அளவான ஆசிட்டை ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் வைத்து, மிச்சமிருக்கும் ஆசிட்டைக் காரத்தால் சொட்டுச் சொட்டாக முறிக்க வேண்டும். இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கிற சொட்டில் நிறுத்த வேண்டும். ஆசிட்டைச் சுண்ணாம்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். நூற்றுக்குப் பதினாறு. பதினைந்து தாண்டினாலே அது சுண்ணாம்பு அடுக்கு என்று வகை எழுதுகிற மண். உப்பும் தூக்கலாக இருந்தது.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் சந்திரமௌலி, மயிலாப்பூர்க்காரர், நாற்பது வருஷமாக மண்ணோடு பழகியவர். அன்றைக்குப் பார்த்து அவர் கும்பகோணத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"செவல்ல பதினாறா? இடிக்கறதே ரோஸிம்மா. உப்பும் சேர்ந்துண்டு வந்திருக்கு. இன்னொரு தரம் போட்டுப் பார்த்துடுங்கோளேன்."

"வேணாம் சார். கரெக்டாத்தான் கீது."

பதினோரு வருஷத்தில் அவள் எழுதிய எண் ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். சந்தேகம் வந்தால் மறுபடி அள என்பதுதான் அந்த லேபின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். அன்றைக்குச் செய்யவில்லை. மறுபடி அளந்தால் தன் கை எந்த எண்ணில் போய் நிற்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு பாரத் கூப்பிட்டான். அவன் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"பதினாறு."

அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடுவது கேட்டது.

"செவல்னு சொன்னானே ஆரோக்கியம்."

"மேல செவப்பு. உள்ள அதேதான். நீ அங்க பாக்குறியே, அதே மஞ்ச எலதான் இங்கயும்."

"சரி உடு," என்றான் பாரத். கொஞ்சம் கழித்து, "நீ சாப்ட்டியா?" என்றான்.

"ஆச்சி," என்றாள். அன்றைக்குக் காலையிலிருந்தே அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று என்று.

இரண்டு வருஷம் என்றால் அவளுக்கு முப்பத்தெட்டு. யாரிடமும் சொல்லி அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். அவன் வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று வாங்கி வைத்திருந்த இரண்டு லுங்கியைப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள்.

மார்கழி பிறக்கிறதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலில் நீலத் தார்ப்பாயை விரித்து கெங்கம்மா மட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். சதையை அலுமினியத் தட்டில் போட, ஓடு சடசடவென்று பாயில் விழுந்தது. கூடவே ஒரு ஓரத்தில் உப்புப் போட்ட நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் ஓட்டை மட்டும் கையால் அள்ளிக் கொட்டிவிட்டு, பாயைத் துடைப்பத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இந்தப் பாய் ஒண்ணுதான் நமக்கு எல்லாத்துக்கும்," என்றாள், தானாகவே. "உம்மண்ணக் கூட இதுலதான் காய வெச்சேன். அன்னிக்கும் மட்டி உடச்சிட்டுத்தான் இருந்தேன். ஒதறிட்டு அப்டியே கொட்டிப் பரப்பிட்டேன். எம்புள்ளைய கூட்டிக்கினு வர மண்ணாச்சே, ஒரு பொட்டு வீணாப் போவலாமா? தொடப்பத்தால மூலமுடுக்கெல்லாம் கூட்டி வாரிக் கட்டினேன். அப்பவும் அந்த மண்ணு சரியில்லாமப் போச்சே, இன்னா கொடும!"

ரோஸி குனிந்து, பாய் மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைச் சில்லை எடுத்துப் பார்த்தாள். மட்டி ஓடு முழுக்க முழுக்கச் சுண்ணாம்பு. கடற்கரையில் வாழ்கிறவளுக்கு இதை யார் சொல்லித் தர வேண்டும்? ஃபோனில் கூப்பிடுகிற விவசாயிகளிடம் எல்லாம், "உரச் சாக்குல கொட்டாதீங்க, கண்ட எடத்துல காயப் போடாதீங்க, சுத்தமான பேப்பர்ல நிழல்ல போடுங்க" என்று கரடியாகக் கத்துகிறவள், தன் வீட்டில் எங்கே காயப் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரச் சுத்தியால் அவளே இடித்து, அவளே சலித்து, மாமியார் வீட்டு மட்டி ஓட்டை அவளே அளந்து, பதினாறு என்று எழுதியிருக்கிறாள். உப்பு எங்கிருந்து வந்தது என்றும் இப்போது விளங்கிற்று.

கெங்கம்மா மீது கோபம் வந்தது. ஆனால் அந்தக் கிழவி ஒரு பொட்டு விடாமல் கூட்டியதை நினைத்தால் கோபம் நிற்கவில்லை.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"ஒண்ணுமில்ல அத்தே. வெயிலு."

திங்கட்கிழமை முதல் வேலையாக, பாட்டிலில் எடுத்து வைத்திருந்த மிச்ச மண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சிவப்பு மண்ணுக்கு நடுவே பளபளவென்று வளைந்த சில்லுகள். சுக்கான் முடிச்சு இப்படிப் பளபளக்காது; ஒரு பார்வையில் யாரும் சொல்லிவிடலாம். யாரும் பார்க்கவில்லை. நேரே சந்திரமௌலியிடம் போய், அது தன் வீட்டு மண் என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நான் இருந்து பார்த்திருக்கணும்மா. அவசரமாக் கிளம்பிண்டு இருந்தேன். புது மண் வரவழையுங்கோ, நானே போடறேன். நீங்க பக்கத்துல வர வேண்டாம்."

ஆரோக்கியராஜ் மறுபடி போனான். நிலம் கைமாறியிருந்தது. கோவில்பட்டிக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்து, கன்று வைக்க வரிசையாக நாலடிக் குழி வெட்டிப் போட்டிருந்தார். அவரிடமே அனுமதி கேட்டு, குழியின் பக்கச் சுவரில் மேல், நடு, அடி என்று மூன்று பொட்டலம் எடுத்து, ஒழுங்காகப் பேப்பரில் மடித்து அனுப்பினான். சந்திரமௌலி ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தார். மேல் மண்ணில் சுண்ணாம்பே இல்லை. நடுவில் நூற்றுக்கு ஒன்று. நாலடியில் மூன்று. நூல், முடிச்சு, தட்டு, ஒன்றும் கிடையாது. எலுமிச்சைக்கு அதைவிட நல்ல மண்ணை அந்தச் சீமையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"அவர்கிட்ட சொல்லப் போறேளா?" என்று கேட்டார் சந்திரமௌலி. "சொல்லி இப்போ என்ன ஆகப்போறது? கையெழுத்தும் ஆயிடுத்து, நிலமும் போயிடுத்து. மனசு கஷ்டம்தானே மிச்சம்."

நியாயமான பேச்சுதான். ரோஸியும் இரண்டு நாள் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் அவன் ஃபோனில், "அந்த மாரி மண்ணுக்குலாம் நாம ஆசப்பட்டிருக்கவே கூடாது ரோஸி" என்று அவளைத் தேற்றப் பார்த்தபோது அவளால் தாங்க முடியவில்லை. போட்டு உடைத்துவிட்டாள். தார்ப்பாய், மட்டி ஓடு, சார் மறுபடி அளக்கச் சொல்லியும் அளக்காதது, மூன்று பொட்டலம், கோவில்பட்டிக்காரர், எல்லாம்.

பாரத் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அம்மாவாண்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

"சரி." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணு கேக்குறேன். அந்த சாரு சொல்லிக்கீறாரு, இன்னொரு வாட்டி பாருன்னு. ஊரான் மண்ணுக்கெல்லாம் ரெண்டு வாட்டி மூணு வாட்டி பாப்ப. நம்ம மண்ண ஏன்டி பாக்கல?"

ரோஸி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்புறம் எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"பாத்திருந்தா நல்ல மண்ணுன்னு எழுதிட்டிருப்பேன்யா. எப்டி வந்திருந்தாலும் எழுதிட்டிருப்பேன். நீ வரணும்னு அவ்ளோ ஆசையா இருந்துச்சி. நீ வந்து, நட்டு, நாலு வருசம் கழிச்சி எல மஞ்சளாச்சின்னா எம்மூஞ்சில எப்டி முழிப்ப? அதான் பாக்கல."

லைன் போய்விட்டதோ என்று அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் குட்த்திருந்தாங்க எனக்கு," என்றான் பாரத். குரல் உடைந்திருந்தது. "இன்னும் ரெண்டு நாளு இருந்துச்சி. நீ பதினாறுன்னு சொன்ன மறுநாள் காலைலயே ஓடிப்போய் கையெழுத்துப் போட்டுட்டேன். ஏன் தெரியுமா? இன்னும் ஒரு நாள் யோசிச்சிருந்தா, சுக்கானாவது ஒண்ணாவது, வெறும் பாறையா இருந்தாலும் பரவால்லன்னு கெளம்பி உன்னாண்ட வந்துட்டிருப்பேன்."